ஊதா மெழுகுத் தூணும் உன் வாப்பாவின் கிணறும்

மச்சான்,

என் பத்து விரல்களும் கத்தரிக்காய் ஆகிவிட்டன. காலையில் நல்ல ஊதா. இதை எழுதும் இந்த நேரத்தில் பழைய புகையிலைக் கறை போல மண்ணிறமாகிக் கிடக்கின்றன. சவுக்காரம் போட்டேன், தேங்காய்ப் பொச்சால் உரசினேன், மண்ணெண்ணெயிலும் முக்கிப் பார்த்தேன். அசையவில்லை. சோறு போட வந்த என் வீட்டுக்காரி கையைப் பார்த்துவிட்டு அகப்பையோடு நின்றாள்.

"ஓட்டுப் போட்டா ஒரு வெரலுக்குத்தான் மை வெப்பாங்க. நீங்க பத்துக்கும் வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. எத்தன கட்சிக்குப் போட்டீங்க?"

வேறு ஒரு நாளாக இருந்தால் நாடாளுமன்றமே என் கையில்தான் இருக்கிறது என்று அரைமணி நேரம் அளந்திருப்பேன். இன்று கையை மோந்து பார்த்தேன். மெழுகுதிரி வாசம். அந்த வாசத்தோடு நீயும் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாய்.

விஷயம் இதுதான். நீ உன் வாப்பாவின் பெயரில் வெட்டிக் கட்டிய கிணற்றுக்கு மேலே, என் கராஜுக்குக் கீழே, அந்தச் சரிவில் ஏழு குழாய்களை நிலத்துக்குள் இறக்கியிருக்கிறோம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கயிற்றில் கட்டிய மெழுகுத் தூண்கள் தொங்குகின்றன. அநுராதபுரத்துக் கல்தூண் அளவு என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் என் முன்கை அளவு. மெழுகுக்குள் கொண்டிஸ் கலந்திருக்கிறது. புண் கழுவ ஒரு கிள்ளு போட்டாலே வாளித் தண்ணீரை ஊதாவாக்குமே, அதே கொண்டிஸ். இன்று ஒரு தூணை வெளியே எடுத்து, அதன் மேல் படிந்த கறுப்புப் பொருக்கைச் சுரண்டி, திரும்ப இறக்கினேன். கையுறை கிழிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஆமாம் மச்சான், உன் கிணற்றுக்கு வைத்தியம் நடக்கிறது. நீ அதிராதே. நான் அதிர்ந்ததே இரண்டு பேருக்குப் போதும்.

அந்தக் கிணறு வந்த கதையை மறந்திருக்க மாட்டாய். நீ மாத்தளை டவுனில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் விற்ற சீமான். நான் நாலந்தாவுக்கு இந்தப் பக்கம், பெருந்தெரு ஓரத்தில், எஞ்சின்களின் சக்கரவர்த்தி. உன் பழைய லொறி மாதத்துக்கு இரண்டு தடவை என் வாசலில் வந்து மூச்சு விடும். அப்படி ஒரு நாள் லொறிக்குக் கீழே நான் படுத்திருக்க, நீ மேலே நின்று, வாப்பா பேரில் ஒரு கிணறு வெட்ட இடம் தேடுகிறேன் என்றாய். நான் லொறிக்கு அடியிலிருந்தே கையை நீட்டி, "அந்தக் கீழ் மூலைய எடுத்துக்க, சாசனம் எழுதித் தாறேன்" என்றேன். எனக்கு முகம் கூடத் தெரியவில்லை, உன் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. அந்தச் செருப்பு இரண்டடி துள்ளியது.

"மச்சான், இது ஸதக்கத்துல் ஜாரியா. மனுசன் மௌத்தாப் போன பொறகும் ஓடிக்கிட்டே ஈக்கிற தர்மம். ஒரு ஆள் ஒரு செரட்டத் தண்ணி குடிச்சா, எங்கட வாப்பாவுக்கு ஒரு நன்ம போகும். எனக்கும் போகும். எடம் தந்ததுக்கு ஒனக்கும் உண்டு."

"எனக்கு எந்த வழியா வரும்? நான் கோயிலுக்குப் போற ஆளு."

"அத படைச்சவன் பாத்துக்குவான். நீ வழிய அடைக்காம ஈந்தா போதும்."

ஆறே நாளில் நீர் வந்தது. நான் ஊரில், பாறையை உடைத்ததும் நீர் பத்தாள் உயரம் பாய்ந்து ஒரு மைனாவை அடித்துக்கொண்டு போனது என்று சொன்னேன். இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். லக்கலப் பக்கம் போகும் பஸ்காரன் அங்கேதான் ரேடியேட்டருக்கு நீர் எடுத்தான். வஹகோட்டைக் கோயில் திருவிழாவுக்குப் போகிற சனம் அங்கே இறங்கிப் பிள்ளைகளுக்கு முகம் கழுவியது. நீ ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாய். என் தோளைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல், நீ அபூர்வமாகக் காட்டும் அந்த முகத்தோடு சொன்னாய்.

"ஒண்ட கராஜ் மேட்டுல ஈக்கி. கெணறு பள்ளத்துல ஈக்கி. ஒரு சொட்டு எண்ண நெலத்துல எறங்கக்கூடாது."

"என் தாய் மேல சத்தியம்" என்றேன்.

சத்தியத்தை நான் காப்பாற்றிய விதத்தைப் பார்த்து எமனே கண் கலங்கியிருப்பான். வழித்தெடுத்த எஞ்சின் ஒயில் ஒரு துளி கீழே போகவில்லை. எல்லாம் பீப்பாவுக்குள். மரத்துக்குப் பூச, கறையானுக்கு அடிக்க என்று ஊரார் வந்து வாங்கிப் போனார்கள். ஆனாலும் கராஜ் என்றால் கராஜ்தான். கொங்கிரீட்டில் அங்கங்கே கறுப்புப் பொட்டு விழத்தான் செய்யும். நீ வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, அத்தர் மணக்க நேரே என் கராஜுக்கு வருவாய். வந்ததும் குனிந்து, சட்டைப் பையிலிருந்து எடுத்த வெள்ளை லேஞ்சியால் தரையைத் துடைத்துப் பார்ப்பாய். பிறகுதான் கிணற்றுக்கு இறங்கி, ஒரு சிரட்டை நீர் குடித்து, வாப்பாவுக்குத் துஆ கேட்பாய். அந்த லேஞ்சிக்குப் பயந்து நான் நடுங்கிய நடுக்கம், உலகத்தில் எந்தப் படையும் எந்தத் தளபதிக்கும் நடுங்கியிருக்காது.

ஆகவே வியாழக்கிழமை பின்னேரம் தரை கழுவும் விழா. மூடிப்போன ஒரு தையல் தொழிற்சாலையின் ஏலத்தில் எனக்கு ஒரு மருந்து கிடைத்தது. துணியில் பட்ட எண்ணெய்க் கறையை எடுக்கப் பாவித்தது. பீப்பா பீப்பாவாகத் தொடர்ந்து வாங்கி வைத்தேன். தெளிந்த ஊற்று நீர் போல இருக்கும். இனிப்பாக ஒரு வாசம். கையில் ஊற்றினால் சில்லென்று குளிர்ந்து கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். கறுப்புப் பொட்டின் மேல் ஊற்றித் தும்புத்தடியால் நாலு இழுப்பு இழுத்தால் பொட்டு ஓடியே போகும். அந்த நீரைக் கூட்டிக் கராஜ் மூலையில் இருந்த குழிக்குள் தள்ளிவிடுவேன். எண்ணெய் தானே வேண்டாம் என்றாய்? இது எண்ணெயைக் கழுவுகிற மருந்து. அழுக்கே இல்லாத சாமான். போகிற வழியில் மண்ணையும் கழுவிவிட்டுத்தான் போகும் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா, பார்க்கிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

நீ மௌத்தாகிப் போனபோது கிணற்றடியில் ஊரே நின்றது. இருதயம் என்றார்கள். அடுத்த வியாழக்கிழமையும் நான் தரையைக் கழுவினேன். யார் பார்க்கப் போகிறார்கள்? பழகிய கை.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். தர்ஷினி என்று பெயர், உக்குவெலைக்காரி. சிறுநீரக வருத்தம் வருகிற பக்கங்களில் கிணற்று நீரைச் சோதிக்கிறார்கள், வழியில் நம்முடைய கிணற்றிலும் இரண்டு போத்தல் எடுத்துப் போனாள். ஒரு மாதத்தில் சிவப்புப் பலகை வந்தது. குடிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், குளிக்கவும் வேண்டாம். காரணம் இன்னும் தேடுகிறோம் என்றார்கள்.

ஊருக்குக் காரணம் தேடப் பொறுமை இல்லை. மேட்டில் போஞ்சியும் கறிமிளகாயும் போடுகிற அப்புஹாமியைத் தெரியும் தானே, முதுகில் மருந்து டாங்கியோடு திரிகிற அந்த மெலிந்த மனிதர். அவருடைய பூச்சிமருந்துதான் என்று முடிவு கட்டினார்கள். முடிவு கட்டியவர்களுக்குத் தலைவர் யார் தெரியுமா? நான்தான், மச்சான். உன் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். "இந்தப் பாவி மனுசன் ஏழு தலைமுறைக்கு வெசம் வெச்சிட்டான்" என்று சிங்களத்திலும் தமிழிலும் முழங்கினேன். சனம் கை தட்டியது. அப்புஹாமி தன் வேலி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவருடைய போஞ்சியை ஊரில் யாரும் தொடவில்லை. அவர் மனைவி கடைக்குப் போனால் பெண்கள் தள்ளி நின்றார்கள்.

நல்லவேளை நீ இதைப் பார்க்க இல்லை என்று அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன். நல்லவேளையாம்!

தர்ஷினி திரும்ப வந்தாள். இந்த முறை சரிவில் அங்கங்கே சிறு துளை போட்டு நீர் எடுத்தாள். மூன்றாம் முறை நேரே கராஜுக்கு வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கொப்பியைத் திறந்தாள்.

"மாமா, இங்க முந்தி துணி வெளுக்கிற கட எதுவும் இருந்துச்சாங்க? இல்லாட்டி எண்ணெக் கற எடுக்கிற மருந்து?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "புள்ள, மத்திய மாகாணத்துலயே சுத்தமான கராஜ் இது. வெள்ள லேஞ்சி போட்டுத் தொடைச்சுப் பாத்துக்க. ஒரு பொட்டு எண்ணெ விழுந்தாப் போதும், உடனே மருந்து ஊத்திக் கழுவிருவேன். கிணத்துக்காக."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"என்ன மருந்துங்க மாமா?"

பெருமையோடு பீப்பா மூடியைத் திறந்து காட்டினேன். அவள் குனிந்தாள், ஒரு மூச்சுதான் எடுத்தாள், உடனே மூடியைப் போட்டுத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கழுவின தண்ணி எங்க போகும்?"

"அந்தக் குழிக்குத்தான்."

"எவ்வளவு காலமா?"

நான் பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியில், அவள் முகம் போன திசையில் என் முகமும் போயிற்று. குழி. குழிக்குக் கீழே சரிவு. சரிவுக்குக் கீழே கிணறு. மச்சான், யானை மிதித்தால் எப்படி இருக்கும் என்று நான் ஆயிரம் தடவை கதை விட்டிருக்கிறேன். அன்று ஒன்றும் மிதிக்கவில்லை. நான் என் சுத்தமான தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மருந்தின் பெயர் ட்ரைக்ளோரோஎதிலீன். சொல்லி முடிப்பதற்குள் தம்புள்ளைக்கு நடந்து போய்விடலாம். எண்ணெய் நீரில் மிதக்கும். இது நீரைவிடக் கனம். கொங்கிரீட் வெடிப்பில் புகுந்து, மண்ணுக்குள் இறங்கி, நீரையும் தாண்டிப் போய்ப் பாறை இடுக்கில் படுத்துக்கொள்ளும். அங்கிருந்து துளித் துளியாக ஊறி நீரோடு நடக்கும். கண்ணுக்குத் தெரியாது. உன் லேஞ்சிக்கும் தெரியாது.

"ஒரு தண்ணி பௌசர் நெறைய கொண்டிஸக் கரைச்சு ஒரே நாள்ல ஊத்திருவோமே" என்று, மெழுகுத் தூண்களைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்த தர்ஷினியிடம் கேட்டேன். என் புத்தி எப்போதும் பௌசர் அளவில்தான் வேலை செய்யும்.

"ஊத்தினா கொஞ்ச நாள்ல ஓடிப் போயிருங்க. வெசம் பாறையில ஒளிஞ்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா வருது. அத முறிக்கிற மருந்தும் அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமா வரணும். மெழுகு அதப் புடிச்சு வெச்சுக்கிட்டு வருசக்கணக்கா விடும். போற தண்ணி அதத் தொட்டுக்கிட்டுப் போனா, வெசம் உடையும்."

"எத்தன வருசம்?"

"சொல்ல ஏலாதுங்க மாமா. கொறைஞ்ச மாதிரி இருக்கும், திரும்பவும் ஏறும். பாறைக்குள்ள எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

"நான் இருக்கிறதுக்குள்ள?"

அவள் கயிற்றின் முடிச்சைச் சரி பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள்.

இன்னொன்றும் கேட்டேன், மச்சான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சிரட்டை குடித்த ஒருவர் இருந்தார், அவர் போனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று. ஒரு மனிதருக்கு எதனால் வந்தது என்று நீரை வைத்துச் சொல்ல முடியாது என்றாள். உனக்குப் பார்த்த டொக்டரிடம் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் இருதயம் என்றுதான் சொன்னார். நாலாவது தடவை என்னைக் கண்டதும் நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

உண்மையைச் சொல்ல முதலில் அப்புஹாமியிடம் போனேன். வேலிக்கு இப்பால் நின்று, உங்கள் மருந்து அல்ல, என் மருந்து என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் டாங்கியை முதுகிலிருந்து இறக்கவே இல்லை. "பிரசங்கத்தைக் கிணற்றுக்கட்டில் நின்று செய்தாய். இதை மட்டும் ஏன் வேலி ஓரத்தில் சொல்கிறாய்?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. அடுத்த நாள் கிணற்றுக்கட்டில் ஏறினேன். பஸ்ஸுக்கு நின்ற சனத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். திரும்பவும் சொன்னேன். மூன்றாம் தடவை சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது.

பிறகு மதினியிடம், டவுனில் உன் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் வைத்தார். நான் மழை பெய்ததைச் சொன்னேன், லக்கலப் பக்கம் ஒரு யானை பஸ்ஸை மறித்து டிக்கட் கேட்டதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, நீங்க கத அளக்க வரல்ல. என்னமோ செல்ல வந்தீக்கீங்க. அதச் செல்லுங்கோ."

சொன்னேன். நான் குடித்து முடிக்காத கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குசினியில் குழாய் ஓடுகிற சத்தம் நீண்ட நேரம் கேட்டது. திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவரு வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம அந்தத் தண்ணியத்தானே குடிச்ச?"

"ஆமாங்க மதினி."

"அங்க வந்த புள்ளைகளும்?"

"ஆமாங்க."

"வாப்பாக்குப் போன நன்ம இப்ப நின்னு போச்சா, அண்ணே? வேற எதுவுமா போய்க்கிட்டு ஈக்குது?"

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"எனக்குச் செல்லி முடிஞ்சி. இனி அவருக்குச் செல்லுங்கோ."

"எப்பிடிங்க மதினி?"

"அவரு முன்னுக்கு ஈந்தா எப்பிடிச் செல்வீங்களோ, அப்பிடி. கூட்டாம, கொறைக்காம."

ஆகவேதான் இந்த மடல். இவ்வளவு தூரம் எமனையும் யானையையும் பௌசரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனிக் கூட்டாமல் சொல்கிறேன்.

உன் வாப்பாவின் கிணற்றைக் கெடுத்தது நான். தெரியாமல்தான் செய்தேன். ஆனால் யாரிடமும் கேட்கவில்லை. பீப்பாவில் ஒட்டியிருந்த தாளில் எச்சரிக்கைப் படம் இருந்தது. அதைக் கிழித்துவிட்டுத்தான் பாவித்தேன். இன்னொருவர் மேல் பழி போட்டேன்.

ஏழு குழாய்களில் இரண்டில் விஷத்தின் அளவு குறைந்திருக்கிறது. ஒன்றில் குறைந்து மறுபடி ஏறிவிட்டது. கிணறு இன்னும் திறக்கவில்லை. சில மாதத்துக்கு ஒரு தடவை தூண்களை எடுத்துப் பொருக்கைச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வெளியே வராது. அது ஓர் ஆள் தூக்குகிற வேலை இல்லை. கயிற்றின் மறுமுனையை அப்புஹாமி பிடிக்கிறார். நான் கேட்கவில்லை, அவராக வந்தார். என்னோடு பேசுவதில்லை. அவர் வீட்டிலும் அந்தக் கிணற்று நீரைத்தான் குடித்தார்கள் என்பது அவர் வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்றை மட்டும் நான் மதினியிடம் சொல்லவில்லை. நீ கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை, லேஞ்சியால் தரையைத் துடைத்து, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். பிறகு என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாய். "நீ இல்லாட்டி இந்தக் கெணறு எப்பவோ கெட்டுப் போயிருக்கும், மச்சான்" என்றாய்.

நான் ராஜா மாதிரித் தலையை அசைத்து, அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். இப்போது அதை உன்னிடம் திருப்பித் தர நீ இல்லை.